கல்தொட்டிக் குமிழிகள்

அந்தக் கோடையில் மடத்துக் குளம் வற்றியது. சேற்றில் துடித்த கெண்டைகளை அள்ளி வந்து முற்றத்துக் கல்தொட்டியில் விட்டார் திருமேனி. மழை பெய்து குளம் நிறையும்வரை அவற்றைக் காக்கும் பொறுப்பைக் குருவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

திருமேனி ஜவுளிக் கடை நடத்தியவர். ஐம்பது வயதுக்குமேல் மடத்தில் சேர்ந்தவர். குரு வடிவம்மை அவரைவிட இளையவர்.

வெயில் பட்டால் சாயம் போய்விடும் என்று வாழ்நாளெல்லாம் துணிகளை மூடியே வைத்தவர் திருமேனி. தொட்டியையும் அப்படியே காத்தார். மேலே பலகை, பலகைமேல் ஈரச் சாக்கு. காக்கை வராது, தண்ணீர் சுடாது.

இரண்டு நாளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்துத் தவிடு போட்டார். குளத்தில் மிஞ்சியிருந்த வேலம்பாசிக் கொடிகளைக் கை கையாக அள்ளிப் போட்டார். திணறல் கூடியது. ஒரு காலையில் பலகையை விலக்கியபோது ஒரு கெண்டை வயிறு மேலாக மிதந்தது.

சமையல்காரர் மாசிலாமணி எட்டிப் பார்த்தார்.

"தவிடு போட்டாச்சு, பாசி போட்டாச்சு. இனி புளி ஒன்றுதான் பாக்கி, ஐயா."

திருமேனிக்குச் சிரிப்பு வரவில்லை. நேராகக் குருவிடம் போனார்.

"அம்மா, என் கையில் உயிர் தங்காது போலிருக்கிறது. இன்னொன்று செத்தால் நான் மடத்தை விட்டுப் போய்விடுகிறேன். நான் எதில் குறை வைத்தேன்?"

வடிவம்மை தொட்டியருகே வந்தார்.

"பலகையை எடுங்கள்."

"வெயில் படுமே!"

"படட்டும்."

திருமேனியும் மாசிலாமணியும் பலகையை இறக்கினார்கள். வெயில் தொட்டியின் அடிவரை இறங்கியது. வடிவம்மை தரையில் உட்கார்ந்து தண்ணீரை உற்றுப் பார்த்தார்.

"எதைப் பார்க்கிறீர்கள், அம்மா?"

"பாசியை."

"சாவது மீனாயிற்றே?"

"அதனால்தான்."

கொஞ்ச நேரத்தில், ஒடிந்த பாசித் தண்டு ஒன்றின் நுனியிலிருந்து கடுகளவு குமிழி ஒன்று கிளம்பியது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு அவை கோத்தாற்போல் எழுந்தன. வடிவம்மை சாக்கை எடுத்து மேலே விரித்துப் பிடித்தார். குமிழிகள் தளர்ந்து நின்றன. சாக்கை விலக்கினார். மீண்டும் எழுந்தன.

"பாசி மூச்சு விடுகிறதா?"

"சமைக்கிறது. வெயில்தான் அதற்கு அடுப்பு. சமைக்கும்போது அது வெளியே தள்ளும் காற்று மீனுக்கு உயிர்."

"இருட்டில்?"

"அடுப்பு அணைந்துவிடும். அப்போது பாசியும் மீனோடு சேர்ந்து அதே காற்றை இழுக்கும்."

"அப்படியானால் நான் அள்ளிப் போட்ட பாசியெல்லாம்..."

"பந்திக்கு ஆள் சேர்த்தீர்கள்," என்றார் மாசிலாமணி. "உலை மட்டும் வைக்கவில்லை."

வெயில் ஏறியது. மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பெரிய கெண்டை ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு பாசிக்குள் புகுந்தது.

திருமேனி உள்ளே ஓடினார். பூசைக்குத் துலக்கி வைத்த பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டுவந்து, வெயிலைத் தொட்டிக்குள் திருப்பிவிட்டார். குமிழிகள் வேகமாயின. உற்சாகத்தில் இரண்டாவது தாம்பாளத்தையும் கொண்டுவந்தார். குமிழிகள் அதே வேகத்தில்தான் எழுந்தன.

"வெயில் கூடியதே, இது ஏன் கூடவில்லை?"

வடிவம்மை திரும்பினார்.

"மாசிலாமணி, அடுப்பில் இன்னும் விறகு வைத்தால் சோறு கூடுமா?"

"அரிசி போட்டால்தானே அம்மா சோறு கூடும்? விறகை மட்டும் கூட்டினால் பானைதான் தீயும்."

வடிவம்மை தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். திருமேனியின் கையையும் பிடித்து உள்ளே விட்டார். சுட்டது. குமிழிகளும் குறையத் தொடங்கியிருந்தன. தாம்பாளங்களை ஓரமாக வைத்துவிட்டு, தொட்டியின் ஒரு பாதிக்கு மட்டும் தென்னங்கீற்றைச் சாய்த்தார்.

உச்சிவேளை கடந்தது. தண்ணீர் ஆறியது. குமிழிகள் பழையபடி எழுந்தன. ஒரு மீன்கூட மேலே வரவில்லை.

திருமேனி தொட்டி விளிம்பில் சாய்ந்தார். நாள் கணக்கில் நெஞ்சில் அடைத்திருந்தது நீண்ட மூச்சாக வெளியே வந்தது.

"அப்பாடா!"

சற்றுக் கழித்து அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அம்மா, பாசிக்கு அரிசி எது? தவிடு மீனுக்குப் போயிற்று. பாசிக்கென்று நான் ஒன்றுமே போடவில்லையே?"

வடிவம்மை எழுந்து போய்ப் பப்பாளி மரத்திலிருந்து ஓர் இலையை ஒடித்தார். இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, உள்ளே துளையோடிய அதன் காம்பை அவரிடம் நீட்டினார்.

"இப்போது 'அப்பாடா' என்று மூச்சை வெளியே விட்டீர்களே, அதுதான். அடுத்ததை இதன் வழியாகத் தண்ணீருக்குள் ஊதுங்கள்."