ராசா முழுங்கின வெத்தல

முன்னொரு காலத்துல கொக்கரையூர்ச் சீமைய உக்கிரப்பெருமாள்னு ஒரு ராசா ஆண்டாரு. உக்காந்து ஆண்டாருன்னு சொல்ல முடியாது. காலை ஆட்டுவாரு, எந்திரிப்பாரு, ஜன்னலப் பாப்பாரு, மறுபடி உக்காருவாரு.

கதை கேக்க ஒரு சட்டம் வச்சிருந்தாரு. ஆரம்பத்துல வாயில வெத்தல போடுவாரு. கதை சூடு புடிக்கறதுக்குள்ள அவரு சலிச்சுத் துப்பிட்டா, சொன்னவனுக்குச் சிறை. கவிராயர் நாகலிங்கம் மட்டும் தப்பிச்சாரு. அவரு ராசாவோட தாத்தாவுல ஆரம்பிப்பாரு. தாத்தா பேரச் சொல்லும்போது துப்ப முடியுமா? ராசா வாய் நெறைய எச்சிலோட தவிப்பாரு.

ஒரு நாள் சடையாண்டின்னு ஒருத்தன் கதை சொல்ல வந்தான். மலை, ஆறுன்னு நாட்டு வளத்துல ஆரம்பிச்சான். ஆத்தத் தாண்டறதுக்குள்ள ராசா துப்பிட்டாரு. ஆளு உள்ள.

ராசா வெத்தலையத் துப்பற படிக்கத்த ஏந்துறவ சடையாண்டி பொண்டாட்டி வெள்ளையம்மா.

"ராசா, நான் ஒரு கதை சொல்றேன். துப்பலைன்னா எம்புருசன விட்டுருங்க."

கவிராயர் சிரிச்சாரு. "படிக்கம் தூக்கறவ கதை சொல்றதா? துப்பினா இவளையும் உள்ள போடணும் ராசா!"

"பத்து வருசமா ஏந்தறேன் கவிராயரே. எந்தப் பேச்சுக்குத் துப்புவாருன்னு உங்களவிட எனக்கு நல்லாத் தெரியும்."

"சரி, சீக்கிரம்," ராசா வெத்தலையப் போட்டாரு. காலு ஆட ஆரம்பிச்சுது.

வெள்ளையம்மா மலையும் சொல்லல, ஆறும் சொல்லல.

"ராசா குளிக்கப் போன நேரம், ஒருத்தன் மெதுவா வந்து சிம்மாசனத்துல உக்காந்தான்."

கால் நின்னுடுச்சு.

"பொய்!" கவிராயர் துள்ளி எந்திரிச்சாரு. "நான் உக்காரல! சும்மா தொட்டுத்தான் பாத்தேன்!"

"நான் யாரு பேரும் சொல்லலீங்களே. எந்த ஊரு ராசான்னுகூடச் சொல்லல."

சபையே சிரிச்சுது. கவிராயர் தடால்னு கால்ல விழுந்தாரு. ராசா குனிஞ்சுகூடப் பாக்கல.

"யோவ், தள்ளிப் படு, மறைக்குது! உன்ன அப்புறம் வச்சுக்கறேன். உக்காந்தவன் என்னம்மா பண்ணான்?"

"வெத்தல எங்கீங்க ராசா?"

ராசா வாயத் தொட்டுப் பாத்தாரு. "முழுங்கிட்டேன் போலிருக்கே! சரி, நீ செயிச்சுட்டே. உம்புருசன நாளைக்கு விடறேன். இப்ப மிச்சத்தச் சொல்லு!"

"எனக்கு ஆரம்பந்தாங்க தெரியும். மிச்சம் எம்புருசங்கிட்ட இருக்கு."

ராசா தவிச்சுப்போயிட்டாரு. "டேய், சிறைச் சாவிய எடுத்துட்டு ஓடு!"

காவக்காரன் கும்பிட்டு, ராசாவுக்கு முதுகு காட்டாம முறைப்படி பின்னாலயே ஏழடி வைக்க ஆரம்பிச்சான். மூணாவது அடியில ராசா சாவியப் புடுங்கிக்கிட்டு அவரே ஓடினாரு.