தாளுக்கு வெளியே ஒரு தெரு

நகரத்தின் பொறியாளர் அறவாழி ஒரு காலையில் மெய்யம்மையின் மடத்துக்கு வந்தார். பதினெட்டு ஆண்டுகளாக அந்த அம்மையாரிடம் பாடம் கேட்பவர். அன்று வணங்கக்கூட மறந்து நின்றார்.

"ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன் அம்மா. இனி இங்கேயே இருந்துவிடுகிறேன்."

"என்ன நடந்தது?"

"ஒவ்வொரு மழைக்கும் கடைவீதி மூழ்கும். போன கோடையில் தெருவை மூன்றடி உயர்த்தி, இருபுறமும் பெரிய கால்வாய் கட்டினேன். இந்த ஐப்பசியில் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. வியாபாரிகள் எனக்கு மாலை போட்டார்கள்."

"பிறகு?"

"அன்று மாலையே சாயக்காரத் தெருவில் வெள்ளம் புகுந்தது. தைலம்மை என்று ஒரு பெண். வீட்டுச் சுவர் இடிந்து, அவள் மேலேயே..."

அறவாழி கையிலிருந்த வரைபடச் சுருளை நீட்டினார்.

"கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன் அம்மா. ஒரு பிழையும் இல்லை. அப்படியானால் பிழை எங்கே?"

"அவள் வீட்டுக்குப் போனாயா?"

அறவாழி தலைகுனிந்தார். மெய்யம்மை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

சுவர் இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தது. தைலம்மையின் கணவர் பொன்னுரங்கம், வந்தவர் யாரென்று தெரிந்தும் கத்தவில்லை. பலகையைத் துடைத்துப் போட்டார். ஆனால் அறவாழியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"முன்னெல்லாம் கடைவீதியில ரெண்டு நாள் இடுப்பளவு நிக்கும் சார். அங்க நிக்கறதால இங்க கணுக்காலளவுதான் வரும். அதுக்கும் முந்தி, குளம் இருந்தப்போ எங்கயுமே நிக்காது. அதை மண்ணு போட்டுத் தூத்துத்தான் பஸ் ஸ்டாண்டு கட்டினாங்க. பஸ் ஸ்டாண்டு வந்த பொறவுதான் எங்க துணி வெளியூர் போச்சு, நாங்க மூணு வேளை சாப்பிட்டோம். எதைக் குத்தம் சொல்றது?"

"எனக்குக் கொடுத்த வேலை கடைவீதி மட்டும்தான்" என்று முணுமுணுத்தபடி அறவாழி வரைபடத்தைத் தரையில் விரித்தார். கடைவீதி முனையோடு தாள் முடிந்திருந்தது.

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். தாளுக்கு வெளியே, வெறுந்தரையில் விரலை வைத்தார்.

"நாங்க இங்க இருக்கோம் சார்."

அறவாழியின் கண்கள் நிறைந்தன. தெருவுக்கு வந்ததும் குருவின் முன் கைகூப்பினார்.

"புரிந்தது அம்மா. ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும்? அதை மட்டும் சொல்லுங்கள். நாளைக்கே தொடங்கிவிடுகிறேன்."

மெய்யம்மை அவர் கையிலிருந்த வரைபடத்தின் ஓரத்தைத் தொட்டார்.

"இன்னமும் ஒரு இடத்தைத்தானே கேட்கிறாய், அறவாழி."