லம்துவான் சிரித்த சிரிப்பு

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் சொந்தப் பேச்சு இருந்தது. அவற்றில் மலை மைனாதான் பெரிய வாயாடி. எந்தத் தேசத்துப் பேச்சானாலும் ஒரு பருவத்துக்குள் கற்றுக்கொண்டுவிடும். அதனால் சயாம் தேசத்துப் பெரிய ஆறு கடலில் கலக்கிற கழிமுகத்தில் மைனாவுக்கு நல்ல மரியாதை.

அங்கே சேங் என்று ஒரு படகோட்டி இருந்தார். கழிமுகம் முழுக்க மணல்திட்டுகள். இன்று இங்கே இருக்கும் திட்டு நாளை அங்கே இருக்கும். வெளிநாட்டுக் கப்பல் வந்தால் சேங் தன் சின்னப் படகை அதன் முன்னால் விடுவார். கப்பலின் மூக்கிலிருந்து ஒரு கயிறு அவர் படகுக்கு வரும். அவர் மூங்கில் கழியால் ஆழம் பார்த்துக்கொண்டே போவார், கப்பல் பின்னால் வரும். ஆழம் குறைந்தால் அவர் கத்துவார். கப்பல் தளத்தில் நிற்கும் மைனா அதைக் கேட்டு இங்கிலீஷில் கேப்டனிடம் சொல்லும், நங்கூரம் இறங்கும். இறங்காவிட்டால் படகு கப்பலுக்கு அடியில் போய்விடும்.

சேங்குக்கு மைனாமேல் நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. பாதி நேரம் அது மாலுமிகளோடு அரட்டையடித்துக்கொண்டு நின்றது. "என் உயிர் ஒரு பறவையின் வாயில் இருக்கிறது" என்றார் மகளிடம். அவர் மகள் லம்துவான் அன்றே முடிவு செய்தாள், அந்தப் பாஷையைத் தானே படிப்பதென்று.

வேறு ஆசிரியர் யார்? மைனாவிடம்தான் போனாள், தினம் ஒரு சீப்புப் பழத்தோடு.

"அடியே, சொல்லின் வாலை, அந்தக் கடைசி எழுத்தை, எங்கே விட்டுவிட்டு வந்தாய்? படகிலேயா?" என்று கேட்கும் மைனா.

"எங்கள் ஊரில் சொல்லை மெதுவாக இறக்கிவைப்போம். உன் கப்பல்காரர்கள் மாதிரி தொப்பென்று போடமாட்டோம்."

"நேற்று நடந்ததையும் நாளை நடப்பதையும் ஒரே மாதிரி சொல்கிறாயே?"

"நேற்று என்று சொல்லிவிட்டேனே, அக்கா! அதற்கு மேல் சொல்லை வேறு முறுக்க வேண்டுமா?"

சின்னப் பலகைத் துண்டில் கரியால் எழுதியும் பார்த்தாள். அவள் ஊர் எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, தொடுத்த பூ மாதிரி போகும். இங்கிலீஷையும் அப்படியே தொடுத்தாள். மைனா அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தையில் எல்லோருக்கும் காட்டியது. அவள் பேசுவதைப் போலவே பேசியும் காட்டியது. மாலுமிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்த மாலுமிகள் பத்து வருஷமாக அந்த ஆற்றில் வந்துபோகிறவர்கள். அவள் பெயரை ஒருவராவது ஒழுங்காகச் சொன்னதுண்டா? அதற்கு ஊரில் யாராவது சிரித்தார்களா?

லம்துவான் சிரித்தாள். அந்த ஊரில் அப்படித்தான். வெட்கம் வந்தாலும் சிரிப்பார்கள், அழுகை முட்டினாலும் சிரிப்பார்கள். எதிரே நிற்பவருக்குச் சங்கடம் வரக் கூடாது என்று முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொள்ளும் திரை அது. கப்பல்காரர்களுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவுமில்லை.

மழைக்காலம் முடிந்து முதல் கப்பல் வந்த காலையில், கேப்டன் பக்கத்தில் மைனாவின் இடத்தில் லம்துவான் நின்றாள். வேலை போன மைனா பாய்மரத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

முன்னால் சேங் கழியை இறக்கினார். மறுபடி இறக்கினார். திட்டு இடம் மாறியிருந்தது. படகு மணலில் ஏறி நின்றுவிட்டது.

"மகளே! நிறுத்தச் சொல்லு!"

அவளிடம் சொற்கள் தயாராக இருந்தன. நங்கூரத்தைப் போடுங்கள், முன்னால் என் அப்பா இருக்கிறார். நூறு தடவை சொல்லிப் பழகியவை. வாயைத் திறந்து முதல் சொல்லைச் சொன்னாள். வால் இல்லாமல் வந்தது.

மேலிருந்து மைனா அதை அப்படியே திருப்பிச் சொன்னது, அவள் குரலிலேயே, இன்னும் கொஞ்சம் இழுத்து. தளம் முழுக்கச் சிரிப்பு.

லம்துவான் மறுபடி வாயைத் திறந்தாள். அடுத்த சொல்லுக்கு வால் இருக்கிறதா, அதை எப்படி முடிப்பது? எல்லாம் கலைந்துபோனது. முகம் அதற்குப் பழகியதைச் செய்தது. அவள் சிரித்தாள்.

"எல்லாம் சரிதானே?" என்று கேட்டார் கேப்டன். அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு, "போகலாம்" என்றார்.

கப்பல் போனது. மூங்கில் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். கயிறு தளர்ந்து தண்ணீரில் மிதந்தது.

கேப்டனின் முகம் வெளுத்துவிட்டது. "நீ சிரித்தாயே, பெண்ணே! சரி என்றுதானே சிரித்தாய்?"

அவள் ஓரக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள், இங்கிலீஷில், ஒரு சொல்லும் குறையாமல், ஒவ்வொரு சொல்லையும் வால்வரை. "நங்கூரத்தைப் போடுங்கள். முன்னால் என் அப்பா இருக்கிறார்." இப்போது யாரும் சிரிக்கவில்லை.

மைனா பாய்மரத்திலிருந்து இறங்கி அவள் காலடிக்கு வந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வந்தது. அலகைத் திறந்தது. அதனிடம் இருந்த சொந்தச் சொற்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெளியே வந்தது லம்துவானின் குரல்: "நங்கூரத்தைப் போடுங்கள். முன்னால் என் அப்பா இருக்கிறார்."

மறுபடி திறந்தது. மறுபடியும் அதுவேதான்.

அன்று முதல்தான் மலை மைனா தன் பேச்சு என்று ஒன்றில்லாமல் கேட்டதையே திருப்பிச் சொல்லித் திரிகிறது. அன்று முதல்தான் அந்த நாட்டுப் பிள்ளைகள் யாராவது இங்கிலீஷில் கேள்வி கேட்டால், பதில் தொண்டைவரை வந்திருந்தாலும், முதலில் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நிற்கிறார்கள், அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு நாமும் போய்விடுகிறோம்.