முள் இல்லாத கயிறு

அந்தப் படகில் கயிறு கைக்கு வர மூன்று பருவம் ஆகும். முதல் பருவம் மீன் கூழ் கலக்க வேண்டும். இரண்டாவது பருவம் கூண்டை இறக்கி ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகும் இசக்கியம்மாள் ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு பருவம் போகட்டும்" என்று சொல்லிவிடலாம். பலரிடம் சொல்லியும் இருக்கிறாள்.

படகு ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரையிலிருந்து புறப்படும். மூன்று மணி நேரம் ஓடினால் கடல்நாய்கள் படுத்துக் கிடக்கும் ஒரு பாறைத் தீவு வரும். அங்கே நாலு பேரை இரும்புக் கூண்டுக்குள் விட்டுத் தண்ணீரில் இறக்குவார்கள். மீன் கூழை ஊற்றி, கயிற்று நுனியில் சூரை மீன் தலையைக் கட்டிப் போட்டு, வெள்ளைச் சுறாவை வரவழைத்துக் காட்டுவார்கள். மனிதன் கூண்டுக்குள், மிருகம் வெளியே. உலகத்தில் இந்த ஓர் இடத்திலாவது கூண்டு சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இசக்கியம்மாள் தூத்துக்குடிக்காரி. கடல் உயிர்களைப் பற்றிப் படிக்க வந்தவள், சுறாக்களை அடையாளம் கண்டு பெயர் வைத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். வயது நாற்பத்தொன்று. அவளிடம் வேலை கற்க வந்த ததேயுஸுக்கு ஐம்பத்தாறு. கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். நர்ஸாக இருக்கும் மகள் அழைத்ததால் இந்த ஊருக்கு வந்தவர், வீட்டுக்குள் ஒரு மாதம்கூட உட்கார முடியாமல் துறைமுகத்துக்கு வந்துவிட்டார்.

அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள். குரு சிஷ்யனை அண்ணாச்சி என்று கூப்பிடுவது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

ததேயுஸ் இருபத்தெட்டு வருடம் அரபிக்கடலில் சுறா பிடித்தவர். மைல் கணக்கில் நீளும் கயிறு, அதில் நூற்றுக்கணக்கான தூண்டில் முள். ஒருநாள் சினைச் சுறா ஒன்றைத் தளத்தில் ஏற்றினார்கள். அதன் வயிற்றிலிருந்து ஒன்பது குட்டிகள் உயிரோடு விழுந்து, காய்ந்த பலகைமேல் நீந்தப் பார்த்தன. மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்படிச் சிரித்ததுதான் பிற்பாடு அவரைத் தூங்கவிடவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே இதைச் சொல்லிவிட்டார்.

"எனக்கு ஒரே ஒரு ஆசைதான் டீச்சர். ஒரு சுறா எனக்க முன்னால வரணும். என்னையப் பாத்துட்டு அதுக்க பாட்டுக்குப் போணும். அது போதும்."

"சரி அண்ணாச்சி. கூழைக் கலக்குங்க."

கலக்கினார். நாற்றம் அவருக்குப் புதிதில்லை. கலக்கியபடியே கேட்டார்.

"இதுல முள்ளு கிடையாதுல்லா டீச்சர்? அப்ப இது வேற வேலைதானே?"

அவள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் ரத்தம் சேருங்க."

இரண்டாவது பருவத்தில் முடிச்சு போடக் கற்றுக்கொடுத்தாள். சூரைத் தலையைக் கயிற்றோடு மெல்லிய சணல் நூலால்தான் கட்ட வேண்டும். சுறா நெருங்கும்போது கயிற்றை நகர்த்தி நகர்த்தி, தலையை அதன் வாய்க்கு எட்டாமல் வைத்திருப்பதுதான் கயிற்றுக்காரர் வேலை. அதையும் மீறிக் கவ்விவிட்டால் நூல் அறுந்துபோக வேண்டும். கை கயிற்றை விட்டுவிட வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் இழுக்கக் கூடாது.

ததேயுஸ் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, குறுக்கே ஒன்று போட்டு, பல்லால் கடித்து இறுக்கினார். இசக்கியம்மாள் விரலை மாட்டி இழுத்துப் பார்த்தாள். அறவில்லை. கத்தியை எடுத்து முடிச்சை அறுத்துப் போட்டாள்.

"ஏன் டீச்சர், நல்ல முடிச்சுதானே?"

"ரொம்ப நல்ல முடிச்சு. அதான் அறுத்தேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் முடிச்சு போடுவார், அவள் விரலால் இழுத்துப் பார்ப்பாள். அறுந்தால் தலையை ஆட்டுவாள், அறாவிட்டால் கத்தி வரும். ஐம்பது நாளில் முடிச்சு படிந்துவிட்டது. அவரே தன் விரலால் அறுத்துக் காட்டிச் சிரிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

பதிவேட்டில் உள்ள சுறாக்களில் பெரியவள் பிறை. முதுகுச் செட்டையில் நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல் வளைவாக ஒரு துண்டு இல்லை, அதனால் அந்தப் பெயர். முதலில் வந்தபோது கூண்டைவிடச் சின்னவளாக இருந்தாள். பதினோரு வருடத்தில் படகில் பாதி நீளத்துக்கு வளர்ந்துவிட்டாள். மற்றவை பாறைப் பக்கமிருந்து சுற்றி வளைத்து வரும். பிறை மட்டும் எஞ்சின் சத்தம் நின்றதும் நேரே படகுக்கு வருவாள். ததேயுஸுக்கு அவளைத்தான் பிடிக்கும். அவள்தான் என்றைக்காவது தன்னைப் பார்த்துவிட்டுப் போகப்போகிறவள் என்று நம்பினார். நம்பிக்கைக்கு ஒரு காரணமும் இல்லை, பிரியம்தான்.

மூன்றாவது பருவத்தின் முதல் நாள் இசக்கியம்மாள் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இப்பவாவது சொல்லுங்க டீச்சர். முள்ளு இல்ல, கொல்லுதது இல்ல. வேற வேலைதானே இது?"

"சாயங்காலம் சொல்லுதேன்."

அன்றைக்கு அவள் முடிச்சைச் சோதிக்கவில்லை. இரண்டு பருவம் பழகிய மனிதர், வயதில் மூத்தவர், முதன்முதலாகக் கயிறு பிடிக்கிறார். எல்லார் முன்னாலும் போய் விரலை மாட்டி இழுப்பது மரியாதையாக இருக்காது என்று அவளுக்குப் பட்டது.

அவர் அன்றைக்கு விடியலிலேயே எழுந்து, பயபக்தியோடு, மிகக் கவனமாக முடிச்சு போட்டிருந்தார். இரண்டு சுற்று, குறுக்கே ஒன்று. தான் அப்படிப் போட்டது அவருக்கே தெரியாது.

கூண்டில் நாலு பேர். பிறை வந்தாள். ஒரு சுற்று சுற்றினாள். ததேயுஸ் கயிற்றை நகர்த்தினார், அவள் விலகிப் போனாள். மறுபடி வந்தாள், மறுபடி நகர்த்தினார். நன்றாகத்தான் செய்தார். பிறகு வெகுநேரம் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது முறை அவள் ஆழத்திலிருந்து நெட்டுக்குத்தாக எழும்பி வந்து தலையைக் கவ்வினாள்.

விட வேண்டிய கை சுண்டி இழுத்தது. முள்ளைத் தாடையில் இறக்குவதற்கு இருபத்தெட்டு வருடம் எப்படிச் சுண்டியதோ அப்படி. நூல் அறவில்லை, கயிறு பற்களில் சிக்கிக்கொண்டது. பிறை தலையை உதறித் திரும்பினாள். கயிறு அவளைக் கூண்டுப் பக்கம் திருப்பிவிட்டது. கூண்டின் இரும்பு மூலையில் கண்ணுக்குக் கீழே அடிபட்டது. படகு ஒரு தடவை ஆடியது. பிறகுதான் நூல் அறுந்தது. தண்ணீர் கொஞ்ச நேரம் சிவப்பாக இருந்தது.

கூண்டில் இருந்த நாலு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மேலே ஏறி வந்ததும் வாழ்க்கையில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்று ததேயுஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இன்னும் யார் வீட்டுச் சுவரிலாவது தொங்கிக்கொண்டிருக்கும்.

கரைக்குத் திரும்பி எல்லாரும் போன பிறகு, அவர் பதிவேடு இருந்த மேசைக்கு வந்தார். உள்ளங்கை இரண்டும் கயிறு உரசித் தோல் போயிருந்தது.

"டீச்சர், அவ தலையைக் கவ்வுனப்ப நான் சத்தம் போட்டேனே. கேட்டியளா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னேன்?"

"'மாட்டிட்டு'ன்னு சொன்னீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சுறா தூண்டிலில் விழுந்ததும் ஊர்ப் படகுகளில் போடும் சத்தம் அது. இந்தப் படகில் தமிழ் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் அதை உற்சாகம் என்று நினைத்துக் கைதட்டியிருந்தார்கள்.

"என்ன எழுதியிருக்கிய?"

அவள் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். 'பிறை. வலது கண்ணுக்குக் கீழே காயம். கூண்டு.'

"கூண்டு என்ன செஞ்சது? எனக்க பேரை எழுதுங்க."

"எழுதணும்னா ரெண்டு பேரு எழுதணும் அண்ணாச்சி. முடிச்சை நான் பாக்கல."

"நீங்க பாக்காதது மரியாதைக்கு. நான் இழுத்தது என்ன கணக்கு?"

இசக்கியம்மாள் பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளினாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் நிறுத்தினாள். அவளுடைய பழைய கையெழுத்து, இப்போதையதைவிட உருண்டையாக இருந்தது. 'புதியவள். சிறியவள். செட்டையில் பிறை வடிவ வெட்டு. சூரைத் தலையைத் தின்றாள்.'

"அன்னைக்கு அவ மீறிக் கவ்வல. நான்தான் தலையை வாய்க்கு எட்ட விட்டேன். ஒருவாட்டி ருசி காட்டுனா நாளைக்கும் வருவாள்னு விட்டேன். வந்தா. பதினோரு வருஷமும் எஞ்சின் நின்னதும் நேரா வந்தா." பழைய எழுத்தின்மேல் விரலை வைத்தாள். "அப்ப எனக்கு அது பெரிய சந்தோஷமா இருந்துச்சு."

அவள் கண் கலங்கி அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து போய்க் கூழ் வாளிகளைக் கழுவினார். அவை ஏற்கெனவே கழுவி வைத்தவை.

பிறை அடுத்த வாரம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. ததேயுஸ் மறுபடி கூழ் கலக்கப் போய்விட்டார். கயிற்றை யாரும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை. அவரே கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டார். ஒவ்வொரு நாளும் எஞ்சினை நிறுத்தியதும் அவர் கலக்குவதை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்ப்பார். வேறு சுறாக்கள் வந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை.

பருவம் முடிகிற நேரத்தில் ஒருநாள் சொன்னார்.

"நான் நின்னுக்கிடுதேன் டீச்சர். எனக்க கைக்கு இது வேற வேலையில்ல."

"நாளைக்கு ஒருநாள் வாங்க. பிறகு ஒங்க இஷ்டம்."

மறுநாள் பார்வையாளர்கள் யாரும் இல்லை. படகை ஓட்டுபவரும் இவர்கள் இருவரும் மட்டும் போனார்கள். தீவருகே எஞ்சின் நின்றது. ததேயுஸ் வழக்கம்போல் வாளியைத் தேடினார். வாளி இல்லை. மீன் பெட்டியைத் திறந்தார், அது காலியாக இருந்தது. கயிற்றையும் அவள் கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"இறங்குங்க அண்ணாச்சி," என்று கூண்டைக் காட்டினாள்.

மூன்று பருவத்தில் அவர் ஒருநாளும் கூண்டுக்குள் இறங்கியதில்லை. இத்தனை வருடம் கடலில் இருந்தவர், கடலை மேலேயிருந்துதான் பார்த்திருக்கிறார். ரப்பர் உடையையும் நீர்க்கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, மேலேயிருந்து காற்று வரும் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கினார். அவள் குழாயைப் பிடித்தபடி மேலே உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீர் பச்சையாக இருந்தது. கடல்நாய் ஒன்று தலைகீழாக வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனது. சின்ன மீன்கள் கம்பிகளுக்கு நடுவே வந்து போயின. அவர் கைகள் எதையாவது பிடிக்கத் தேடின. ஒன்றும் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டன. பிறகு குளிரில் விரல்கள் மரத்து, பிடி தானாக விட்டுப்போயிற்று. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பச்சைத் தண்ணீர் கொஞ்ச தூரம் போய்க் கறுப்பானது. அந்தக் கறுப்புக்குள் பிறை இருக்கலாம், ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கலாம், செத்தும் போயிருக்கலாம். கண்ணாடிக்குள் அழுவது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது.

நடுவில் இரண்டு தடவை ஏறி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு மறுபடி இறங்கினார். மதியம் தாண்டி ஒரேயடியாக ஏறி வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் துண்டைப் போர்த்தி, பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். உள்ளங்கைக் காயம் ஆறி, புதுத் தோல் வந்திருந்தது.

"பிறை வரல டீச்சர்."

"ம்."

"ஒரு சுறாவும் வரல. கூழு கிடையாது, தலை கிடையாது, கயிறு கிடையாது. பின்ன அது எதுக்கு வரும்?"

இசக்கியம்மாள் பதிவேட்டைத் திறந்து தேதியை மட்டும் எழுதினாள். பேனாவை மூடினாள்.

"மூணு பருவமா எங்கிட்ட ஒண்ணு கேட்டீங்களே அண்ணாச்சி."

"கேட்டேன்."

"இன்னைக்குத்தான் முள்ளு இல்ல."