கறிவேப்பிலைச் செடியின் சிலந்தி

“இந்தப் புழக்கடையில என்னங்க டீச்சர் இருக்குது? என்னையும் வால்பாறைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார் சென்னியப்பன்.

படம் எடுக்கப் பழகும் இந்தச் சீடருக்கு வயது அறுபத்தொன்று. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு பூங்கோதைக்கு முப்பத்திரண்டு. பொள்ளாச்சியில் கல்லூரி ஆசிரியை. விடுமுறை விட்டால் போதும், கேமராவோடு சிலந்திகளைத் தேடிக் காட்டுக்குப் போய்விடுவார்.

“உங்க வீட்டுச் சிலந்தி ஒண்ணோட கண்ணு படத்துல தெளிவா விழட்டுங்க ஐயா. சனிக்கிழமை காலைல ஜீப்புல உங்களுக்கு ஒரு சீட்டு.”

வால்பாறை அவருடைய பத்து வருட ஆசை. துள்ளிக் குதித்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

“அரிசி அளவுதானுங்க இருக்குது. லென்ஸ் வளையத்தைத் திருகித் தெளிவு பண்றதுக்குள்ள தாவிருது. நூத்திப் பத்துப் படம். அத்தனையும் மங்கல்.”

பூங்கோதை கைப்பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்தார். வளையம் அசையாதபடி சுற்றி ஒட்டினார்.

“அப்புறம் எப்படிங்க திருகுறது?”

“திருக வேண்டாம். நீங்க நகருங்க.”

சென்னியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பத்தைந்து வருடம் திருகித் திருகியே சோறு தின்ற கை அது. ஆனாலும் ஜீப் சீட்டு போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கறிவேப்பிலைச் செடியடியில் குப்புறக் கிடந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நூலளவு முன்னால் போனார். நூலளவு பின்னால் வந்தார். அவர் மனைவி காபி டம்ளரை முதுகில் வைக்காததுதான் பாக்கி.

சாயங்காலம் சிலந்தியின் கண் படத்தில் தெளிவாக விழுந்தது. முன்பக்கம் கருகருவென்று இரண்டு பெரிய கண், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னக் கண். நான்கும் அவரையே பார்த்தன. மனிதருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

சனிக்கிழமை எட்டு மணிக்கு ஜீப் வந்து ஹாரன் அடித்தது. வாசலில் அவருடைய பை இருந்தது. ஆளைக் காணோம்.

பூங்கோதை புழக்கடைக்கு ஓடினார்.

“ஐயா, படம் விழுகலீங்களா?”

“நேத்தே விழுந்துருச்சு.” தலையைத் தூக்காமலே கிசுகிசுத்தார் சென்னியப்பன்.

“அப்புறமென்ன? கிளம்புங்க, நேரமாச்சு.”

“ஐயோ டீச்சர், மெதுவாப் பேசுங்க! புதுசா ஒருத்தன் வந்திருக்கிறான். மாப்பிள்ளை! முன்னங்கால் ரெண்டையும் தூக்கிட்டு அவளுக்கு முன்னால ஆடுறானுங்க. அவ இன்னும் முகங்குடுக்கல.”

வாசலில் மறுபடியும் ஹாரன் அடித்தது.

பூங்கோதை செருப்பைக் கழற்றினார்.

“கொஞ்சம் தள்ளிப் படுங்க ஐயா.”