இலைக்கோழி கிழித்த பக்கம்

ஒரு காட்டுக்குள் அகலமான குளம் ஒன்று இருந்தது. தண்ணீரே தெரியாத அளவுக்கு அதில் அல்லியும் தாமரையும் மண்டிக் கிடந்தன. அந்த இலைகளின்மேல் அல்லிமுத்து என்கிற இலைக்கோழி முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தார்.

ஆமாம், அல்லிமுத்து ஆண்தான். இலைக்கோழிகளின் வழக்கம் அது. அப்பா அடைகாப்பார், குஞ்சு வளர்ப்பார். அம்மா குளத்தின் எல்லையில் நின்று, உள்ளே நுழைகிறவர்களையெல்லாம் கொத்தித் துரத்துவாள்.

அல்லிமுத்துவின் மனைவி வீரம்மா பெயருக்கேற்ற சண்டைக்காரி. அவள் குரல் கேட்டால் நாரைகூட வேறு குளம் பார்த்துப் போய்விடும்.

"என்னங்க, சாப்பிட வரலையா?" என்று அல்லிமுத்து கேட்பார்.

"இரு முத்து! இன்னும் ரெண்டு பேரை உதைக்க வேண்டியிருக்கு!" என்பாள் அவள்.

போன மழைக்குப் பொரித்த குஞ்சுகளில் மூத்தது குவளை. நல்ல பருத்த உடம்பு. இலைக்கோழிகளில் பெண்ணுக்குத்தான் உடம்பு பெரிது. அதனால் குவளையை எல்லோரும் பெண் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெண்குஞ்சு வளர்ந்ததும் அம்மா அதை எல்லைக்கு அழைத்துப்போய்ச் சண்டை பழக்குவாள். அன்றிலிருந்து அது அப்பாவின் இலைக்குத் திரும்பாது. குவளைக்கு அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

குவளையோ உருண்டையாக எதைக் கண்டாலும் அதன்மேல் உட்கார்ந்து அடைகாத்தது. தாமரைக்காய்மேல் உட்கார்ந்தது. கூழாங்கல்மேல் உட்கார்ந்தது. ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்த ஆமையின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. ஆமை விழித்து நீந்தத் தொடங்கியது.

"அப்பா! முட்டை அசையுதுப்பா!" என்று கத்திக்கொண்டே மறுகரை வரை போனது குவளை.

அல்லிமுத்து சிரித்தார். அன்று மாலை அது சொன்னதைக் கேட்டுத்தான் அவருக்குச் சிரிப்பு அடங்கியது.

"அப்பா, நான் பொண்ணு இல்ல. பையன்."

"வாயைக் கழுவுடி! பெண்ணாப் பொறந்துட்டு, அடக்க ஒடுக்கமா நாலு பேரை அடிச்சோம் உதைச்சோம்னு இல்லாம, முட்டைமேல உட்காரணுமா? ஊர் சிரிக்காதா?"

"முட்டைக்காகச் சொல்லலப்பா. முட்டையே இல்லாட்டியும் நான் பையன்தான்."

அல்லிமுத்து ஒரு நீர்ப்பூச்சியைப் பிடித்து அதன் வாயில் திணித்தார். பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் அவர் வைத்திருந்த மருந்து அதுதான்.

இது நடந்து சில நாட்களில், கரையிலிருந்த தையல்சிட்டு ஒரு படப்புத்தகம் செய்தாள். இலையைத் தைத்துக் கூடு கட்டுகிறவளுக்குப் புத்தகம் தைப்பதா பெரிய வேலை? பூவரச இலைகளைப் பஞ்சுநூலால் கோத்தாள். செம்மண்ணாலும் கரியாலும் படம் வரைந்தாள். குளத்துக் குஞ்சுகளையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினாள்.

ஒரு பக்கத்தில் இலைக்கோழி அப்பா அடைகாத்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில் சேவல் கூவியது, பெட்டை குஞ்சுகளை மேய்த்தது. அடுத்ததில் நத்தை இருந்தது. நத்தை ஒரே உடம்பில் அப்பாவாகவும் அம்மாவாகவும் இருக்கும். கடைசிப் பக்கத்தில் ஒரு மீன்கொத்திக் குஞ்சு. எல்லோரும் அதைப் பெண் என்றார்கள். அது, "நான் பையன்" என்றது. "அப்படியா? சரி, மீன் ஆறுது, வந்து சாப்பிடுடா" என்றாள் அதன் அம்மா. அவ்வளவுதான் கதை.

குவளை ஓட்டமாக ஓடிவந்தது.

"அப்பா! நான் புத்தகத்துல இருக்கேன்!"

மீன்கொத்திக் கதையை ஒப்பித்தது. 'ஓகோ, பிள்ளைக்கு இந்த எண்ணம் வந்தது அந்தப் புத்தகத்தால்தானா!' என்று நினைத்துக்கொண்டார் அல்லிமுத்து. புத்தகம் தைப்பதற்கு முன்பே பிள்ளை அதைச் சொல்லிவிட்டதே? அது அவர் நினைவுக்கு வரவில்லை. நமக்கு வேண்டாதது நினைவில் நிற்பதில்லை அல்லவா!

முட்டைகளின் மேல் வெதுவெதுப்பான பாசியைப் போர்த்திவிட்டு, கரையில் கூட்டம் கூட்டினார் அல்லிமுத்து. காட்டுச்சேவல் கொண்டைச்சாமி வந்தார். நத்தையார், அருகில் இருந்ததால், நேரத்துக்கு வந்துசேர்ந்தார். பக்கத்துப் புதர்க்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"கடைசிப் பக்கத்தைப் பாருங்க! இதைப் பார்த்தா பிள்ளைங்க கெட்டுப்போகாதா?" என்று அல்லிமுத்து முழங்கினார்.

"முழுசாப் படிச்சீங்களா அண்ணே?" என்று தையல்சிட்டு கேட்டாள்.

"படிக்க வேற செய்யணுமா!" என்று சொல்லி, அந்தப் பக்கத்தைக் கொத்திக் கிழித்தார். கூட்டம் சிறகு தட்டியது. அல்லிமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"நல்ல வேலை செஞ்சீங்க!" என்றார் கொண்டைச்சாமி. "இந்தப் பக்கத்தையும் பார்த்துடுவோம். ஆம்பிளை அடைகாக்குறானாம்! என் சேவல்குஞ்சுங்க இதைப் பார்த்தா நாளைக்கு எவன் கூவுவான்?"

சர்ரென்று கிழித்துப்போட்டார்.

"ஐயையோ! அது நான்!" என்று அலறினார் அல்லிமுத்து.

"நீங்க உங்க இலையில உட்காருங்க, பரவாயில்ல. புத்தகத்துல எதுக்கு?" என்றார் கொண்டைச்சாமி.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது.

இப்போது நத்தையார் கொம்பை நீட்டினார். "சேவல் பக்கமும் எனக்குச் சரியாப் படல. ஒருத்தர் அப்பா மட்டும், ஒருத்தர் அம்மா மட்டும். பாவம், ரெண்டு பேரும் அரைகுறை! இதைப் பார்த்தா என் பிள்ளைங்க பயந்துக்கும்."

சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைத் தின்ன ஆரம்பித்தார். நத்தையாயிற்றே! உச்சிப்பொழுதில் வாய்வைத்தவர் வெயில் சாயும்போதுதான் முடித்தார். அதுவரை கூட்டம் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருந்தது.

"என்னையா அரைகுறைங்கறே?" என்று கொதித்த கொண்டைச்சாமி, நத்தையின் பக்கத்தைக் காலால் கிளறிக் கந்தலாக்கினார்.

மிஞ்சியவை புத்தகத்தின் இரண்டு அட்டைகள்தான். தையல்சிட்டு அவற்றை எடுத்துக்கொண்டாள்.

"இனிமே இந்தப் புத்தகத்தைப் பார்த்து யாரும் கெட்டுப்போக மாட்டாங்க. இதுலதான் யாருமே இல்லையே!" என்றாள்.

அல்லிமுத்து சோர்ந்துபோய் இலைக்குத் திரும்பினார். அங்கே அவருடைய சின்னக் குஞ்சு தலையைச் சாய்த்துக் கேட்டது:

"அப்பா, ஆம்பிளை அடைகாக்கறது அசிங்கமாமே? சேவல்குஞ்சுங்க சொல்லிச் சிரிக்குதுங்க. நீ இனிமே உட்காராதப்பா."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அல்லிமுத்து பாசியை விலக்கிவிட்டு முட்டைகளின்மேல் உட்கார்ந்தார். கண்ணீர் வந்தது.

இலையின் ஓரத்தில் குவளை குறுகி நின்றது. அன்றுதான் அது எல்லைக்குப் போகவேண்டிய நாள். அதற்குத் தயாராக, சிறகை ஒழுங்காகக் கோதி வைத்திருந்தது. காலையிலிருந்து அது ஒரு பூச்சிகூடத் தின்னவில்லை.

"அப்பா, உன் பக்கத்தைக் கிழிச்சது யாரு?"

"கொண்டைச்சாமி."

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

குவளை ஓரடி நெருங்கி வந்தது.

"என் பக்கத்தை?"

அல்லிமுத்து நீர்ப்பூச்சி எதையும் தேடவில்லை. "நான்தான்" என்றார்.

அப்போது தடதடவென்று வீரம்மா வந்து இறங்கினாள். "எங்கே என் பொண்ணு? எல்லையில எவ்வளவு நேரமாக் காத்துக்கிட்டிருக்கேன்!"

அல்லிமுத்து எழுந்து நின்றார். வாழ்நாளில் மனைவியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராதவர்.

"என்னங்க... இங்க உங்க பொண்ணு இல்லீங்க. பையன்தான் இருக்கான். அவன் பலநாளாச் சொல்றான். நான்தான் காதுல வாங்கல."

வீரம்மா குவளையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பையனா? அதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே? வெயில்ல நின்னு என் கால் கடுக்குது!" என்று கத்தினாள். பிறகு குவளையின் தலையை அலகால் ஒரு தடவை கோதிவிட்டாள். "நல்லாச் சாப்பிடுடா. இளைச்சுப்போயிருக்கே."

அவள் பறந்துபோனாள். போகிற வழியில், வேடிக்கை பார்க்க வந்த கொண்டைச்சாமியை ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் போனாள்.

"இங்க வாடா கண்ணு" என்றார் அல்லிமுத்து. குவளை ஓடிவந்து அவர் சிறகுக்குள் புகுந்துகொண்டது. முதல் வேலையாகப் பசிக்கிறது என்றது.

மறுநாள் அல்லிமுத்து தலையைக் குனிந்துகொண்டு தையல்சிட்டிடம் போனார். அவர் அலகில் புதிய பூவரச இலை ஒன்று இருந்தது.

"பிள்ளையோட பக்கத்தை முதல்ல தைச்சுடு தாயி. என்னோடது மெதுவா வரட்டும்."

ஒரு பிள்ளைக்கு இடமில்லை என்று கிழிக்கத் தொடங்கினால் கடைசியில் யாருக்குமே இடமிருக்காது. அதனால் கிழிப்பதற்கு முன்னால் பிள்ளை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதே பெற்றவர்க்கு அழகு.