தொம்மையின் மாடி

முதலில் கெடுதல் செய்தவன் தொம்மை மொராயிஸ். கயித்தான் கடலுக்குப் போன நேரம் பார்த்து, கயித்தானின் அப்பா நட்ட பனையை வெட்டிச் சாய்த்தான். அதே இடத்தில் மாடி வீடு கட்டிக்கொண்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தத் தெருவில் வீட்டுக்கு முன்பக்கம் என்றால் கடல் பக்கம்தான். தெருக்காரர்கள் கடலில் வள்ளத்தில் நின்று கரையைப் பார்ப்பார்கள். எதற்கு நேராக எது நிற்கிறது என்று கணியம் பார்த்தே கடலடியில் மீன் கிடக்கும் பாறைத் திட்டான பாரைக் கண்டுபிடிப்பார்கள். கயித்தானுக்கு அப்பா காட்டிய பாருக்கு இரண்டு கணியம். லைட்ஹவுசுக்கு நேராகப் பச்சை வீடு. கோயில் கோபுரத்துக்கு நேராகப் பனை. பனை போயிற்று. மூன்று வருஷமாகப் பாரும் கிடைக்கவில்லை.

"இன்னைக்கும் கிடைக்கலேன்னா வள்ளத்தை வித்துடுதேன்" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான், கயித்தான் தன் ஆசான் லாசர் அண்ணாவியை வள்ளத்தில் ஏற்றினான். ஆசானுக்கு வயது நாற்பது. சீடனுக்கு அறுபது.

"பனை இல்லாம பாரை எப்படிப் பிடிக்க, அண்ணாவியாரே?"

அண்ணாவி கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வள்ளத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்.

"கரையில என்ன தெரியுது, சொல்லுங்க மாமா."

"லைட்ஹவுஸ். அதுக்கு நேரே பச்சை வீடு. தெக்கே கோயில் கோபுரம்."

"கோபுரத்துக்குக் கீழே?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப கோபுரம் அந்தரத்துல தொங்குதோ?"

கயித்தான் பல்லைக் கடித்தான்.

"அந்தப் பாவி மாடி இருக்கு. மூணு வருஷமா அந்தப் பக்கம் நான் ஏறெடுத்துப் பார்த்ததில்ல."

"இப்பப் பாருங்க."

பார்த்தான். பனை நின்ற இடத்திலேயே, மொட்டைமாடிக்கு மேலே மாடிப்படிக் கூண்டு, சிவப்புச் சாயம் பூசி நின்றது. துடுப்பை வலித்தான். இன்னும் கொஞ்சம் வலித்தான். சிவப்புக் கூண்டு கோபுரத்துக்கு நேராக வந்து நின்றதும் தூண்டிலை இறக்கினான். இறங்கிய மறுகணம் கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது.

உச்சி வெயிலுக்குள் வள்ளத்தில் கால் வைக்க இடமில்லை. எல்லாம் விளமீன். கயித்தான் எழுந்து நின்று, அப்பா பேரைச் சொல்லிக் கடல் அதிரக் கூவினான். தூரத்து வள்ளங்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கூவி முடித்ததும் அவன் முகம் சுருங்கியது.

"அப்ப தொம்மையை விட்டுடச் சொல்லுதீயளா?"

"எதுக்கு விடணும்? உங்க அப்பா மரத்துக்கு அவன் பதில் சொல்லியே ஆகணும். விடாமக் கேளுங்க. அவன் சொல்லுற வரைக்கும், அந்தக் கூண்டுல ஒரு செங்கல் பெயராமப் பாத்துக்கோங்க, மாமா."